காதைப் பொத்திய கை ஸ்டீயரிங் பிடித்தது!



இந்தப் பகுதியில் தையல் கற்ற கதை, வியாபாரம் தொடங்கிய கதை என்று சகோதரிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது கார் ஓட்டக் கற்ற கதை. 'இதுல என்ன அதிசயம், இப்போ தெருவுக்கு நாலு பொம்பளைங்க ஓட்டறாங்களே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஹாரன் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும் ஒருத்தி, கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும் ஒருத்தி, எப்படி ஓட்டினாள் என்பதுதான் விஷயம்.

எனக்கு ஊர் கும்பகோணம். கணவர் சென்னையில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு இரவு ரயிலேறிவிடுவார். வீட்டில் நானும் மாமியாரும் என் பையனும்தான். பையனுக்கு ஏழு வயதானபோது, பள்ளியில் மணி அடித்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், கூட்டத்தில் நின்றால் அழுகிறான் என்று புகார் வந்தது. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, 'ஆக்குபேஷனல் தெரபி' கொடுங்கள் என்றார். அதற்கு வாரம் இரண்டு நாள் தஞ்சாவூர் போக வேண்டும்.

சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த பஸ் பயணம் இருக்கிறதே! டிரைவர் ஹாரனில் கை வைத்தால் எடுக்க மாட்டார். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். தஞ்சாவூர் போய்ச் சேரும்போதே வாடிவிடுவான். பாதி நேரம் அவனைச் சமாதானப்படுத்தவே போய்விடும். அங்கே கற்றுக்கொண்டதை எல்லாம் திரும்பி வரும் பஸ்ஸிலேயே தொலைத்துவிட்டு வருவோம். வீட்டிலோ ஒரு கார் போர்டிக்கோவில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. கணவர் வரும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு விடுதலை.

'நானே ஓட்டக் கத்துக்கறேன்' என்று 2023 ஜனவரியில் எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன்.

கையை விட்ட நொடி

பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். சட்டப்படி குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் 10 மணி நேரமாவது நாமே ஓட்டியிருக்க வேண்டும். எனக்குப் பத்து நாள் ஆகியும் கிளட்ச் பிடிபடவில்லை. 'மெதுவா விடுங்கம்மா, பாதியில நிறுத்துங்க, வண்டி லேசா அதிரும், அது கால்ல தெரியும்' என்பார் மாஸ்டர். எனக்கு எதுவும் தெரியவில்லை. காலைப் பார்ப்பதற்காகக் குனிவேன். 'ரோட்டைப் பாருங்கம்மா!' என்று கத்துவார். நிமிர்ந்தால் வண்டி ஆஃப் ஆகியிருக்கும். இடது பக்கம் திருப்பச் சொன்னால் வலது பக்கம் திருப்புவேன்.

பதினோராம் நாள் ரயில்வே கேட் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு பஸ் வந்து, என் காதுக்குள் அடித்ததுபோல ஏர் ஹாரன் அடித்தது. அடுத்த நொடி நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்! கண்ணையும் மூடிக்கொண்டேன்.

மாஸ்டர் தன் பக்கம் இருந்த பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை இழுத்துத் திருப்பினார். கண்ணைத் திறந்தபோது ஒரு டீக்கடை பெஞ்சுக்கு இரண்டடி தள்ளி வண்டி நின்றிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையில் டம்ளரோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். மாமியார், 'உனக்கு வேணாம்மா. யாரையாவது அடிச்சுட்டா நம்மால தாங்க முடியுமா? பஸ்லயே போயிட்டு வாங்க' என்றார். தப்பாகச் சொல்லவில்லை. எனக்கே அதுதான் தோன்றியது. எல்.எல்.ஆருக்கு எழுதிக் கொடுக்கும் உடல்தகுதிப் படிவம் கண்முன் வந்தது. வலிப்பு உண்டா, 25 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட் பகல் வெளிச்சத்தில் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் 'வண்டி ஓட்டும்போது ஆபத்து உண்டாக்கக்கூடிய வேறு நோயோ குறைபாடோ உண்டா' என்று ஒரு கேள்வி. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பொய்க் கையெழுத்தா போட்டுவிட்டேன் என்று இரவெல்லாம் தூக்கமில்லை.

கல்யாண ஆல்பம் சொன்ன உண்மை

அடுத்த வாரம் தஞ்சாவூர் போனபோது தெரபி மேடத்திடம் இதைச் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. 'பையன் காதைப் பொத்தறான்னு இத்தனை நாளா சொல்றீங்களே, உங்களைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியேம்மா' என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

குக்கர் விசில் அடித்தால் என்ன செய்வீர்கள்? - கொல்லைப்புறம் போய்விடுவேன். மிக்ஸி? - மாமியாரைப் போடச் சொல்வேன். புது ரவிக்கையில் லேபிள் உறுத்தினால்? - முதல் வேலையாகக் கத்தரித்துவிடுவேன். நிலைப்படியில், மேஜை முனையில் இடித்துக்கொள்வது உண்டா? - முழங்கையில் எப்போதும் ஒரு கன்றிய தழும்பு இருக்கும். கண்ணாடி வளையல் எனக்கு ஒரு வாரம் தாங்காது. எண்ணெய் ஊற்றினால்? - கை அளவு தெரியாமல் கொட்டும். 'கை ஓட்டை' என்று பேர் வாங்கியவள்.

அப்போதுதான் என் கல்யாண ஆல்பம் ஞாபகம் வந்தது. தாலி கட்டும் நேரத்துப் படத்தில் நான் கண்ணை இறுக்க மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு இருப்பேன். 'பொண்ணுக்கு என்ன வெட்கம் பாரு' என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. கெட்டிமேளச் சத்தம் தாங்கவில்லை!

மேடம் விளக்கியதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். நமக்குக் கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஐம்புலன் என்று படித்திருக்கிறோம். அது போக இன்னும் இரண்டு உண்டு. ஒன்று, உள்காதில் இருந்து உடம்பின் அசைவையும் சமநிலையையும் சொல்வது. மற்றொன்று, தசையிலும் மூட்டிலும் இருந்து கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று சொல்வது. இந்தச் செய்திகளை எல்லாம் மூளை தரம் பிரித்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளுகிறது. சிலருக்கு இந்தத் தரம் பிரிப்பு சரியாக நடப்பதில்லை. சில செய்திகள் பத்து மடங்காக விழும். சில செய்திகள் வந்தே சேராது. எனக்குச் சத்தமும் கூசும் வெளிச்சமும் அதிகமாக விழுகின்றன. காலில் இருந்து வரும் செய்தியோ குறைவு. காது நன்றாகக் கேட்கும், கண் நன்றாகத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் யாருக்கும், எனக்கும், தெரியவில்லை.

அமெரிக்காவில் ஜீன் ஏர்ஸ் என்ற பெண்மணி இதை ஆராய்ந்து 1972-இல் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். அவரும் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான். ஆனால் இதைத் தனி நோய் என்று சொல்லலாமா என்பதில் டாக்டர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகத்தான் சேர்த்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் இந்தத் தொல்லை இருக்கலாம் என்றார் மேடம். பெயர் எதுவானால் என்ன, 'கவனக்குறைவு', 'நோஞ்சான்', 'அதிகப் பயம்' என்று வாங்கின பட்டங்களுக்கு எல்லாம் ஒரு காரணம் இருந்தது என்று தெரிந்ததே எனக்குப் பாதி பாரம் குறைந்தது.

'நான் ஓட்டலாமா, கூடாதா?' என்று நேராகக் கேட்டேன். 'அதை நான் மட்டும் சொல்ல முடியாது. டாக்டரைப் பாருங்க. அவர் சரின்னா, உங்க கை ஸ்டீயரிங்கை விடாதுன்னு மாஸ்டர் சொல்ற வரைக்கும் டிராஃபிக் பக்கம் போகாதீங்க' என்றார். டாக்டரிடம் எதையும் மறைக்காமல் சொன்னேன். கண், காது, நரம்பு எல்லாம் பார்த்துவிட்டு, 'பழக்கத்தில் மாறக்கூடியதுதான், ஆனால் அவசரப்படாதீர்கள்' என்றார். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். எனக்கு ஜூலை வரை நேரம் இருந்தது.

பொட்டு வைத்த கார்

பழைய மாஸ்டரிடமே போனேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டு, எனக்கு இப்படி ஒரு தொல்லை உண்டு என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'முப்பது வருஷமா கத்துத் தர்றேன். பயந்தவங்களைப் பார்த்திருக்கேன், காது வலிக்குதுன்னு யாரும் சொன்னதில்லை. சரி, வாங்க, காலையில அஞ்சரைக்கு வர முடியுமா?' என்றார். அந்த மனிதருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவள்.

நாங்கள் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். யாருக்காவது உதவும்.

முதல் பத்து நாள் விடிகாலையில் காலி மைதானம்தான். சத்தம் இல்லாத இடத்தில் கால் வேலையை மட்டும் கற்றுக்கொண்டேன். தடித்த அடி வைத்த செருப்பை விட்டுவிட்டு, மெல்லிய அடி உள்ள கான்வாஸ் ஷூ வாங்கினேன். பெடல் அதிர்வது அப்போதுதான் காலுக்கு எட்டியது. கிளட்சை மட்டும் ஐம்பது தடவை, அறுபது தடவை என்று விட்டு விட்டுப் பிடிப்பேன். மற்றவர்களுக்கு இரண்டு நாளில் வருவது எனக்குப் பத்து நாளில் வந்தது. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இடது வலது குழப்பத்துக்கு, இடது கையில் மட்டும் வாட்ச் கட்டிக்கொண்டேன். மாஸ்டரும் 'லெஃப்ட்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'வாட்ச் பக்கம்' என்பார். இடது சக்கரம் எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அதற்கு அவர் ஒரு வழி செய்தார். என் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் சாலை ஓரம் எந்த இடத்தில் தெரிகிறதோ, அதற்கு நேராக டேஷ்போர்டில் ஓர் அடையாளம் வைக்கச் சொன்னார். கைப்பையில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். 'பொட்டு கோட்டு மேல போனா சக்கரமும் கோட்டு மேல போகும்' என்பார். என் வீட்டுக் காரிலும் அந்தப் பொட்டு இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்தது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவது. 'முன்னாடி சைக்கிள். வாட்ச் பக்கம் மாடு. கண்ணாடியில் லாரி.' இப்படிச் சொன்னால், கண்ணுக்கு முன் கொட்டும் நூறு விஷயத்தில் எது முக்கியம் என்று மனசு பிரித்துக்கொள்கிறது. பின்னால் வரும் பஸ்ஸைக் கண்ணாடியில் முன்கூட்டியே பார்த்துவிட்டால், ஹாரன் அடிக்கும்போது பாதி அதிர்ச்சிதான். அன்று ரயில்வே கேட்டில் நான் கண்ணாடியையே பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஹாரனுக்குத் தனிப் பாடம். ஒரு மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓரமாக வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு உட்காரச் சொன்னார். முதலில் கண்ணாடி முழுக்க ஏற்றி. பிறகு கால் பங்கு இறக்கி. பிறகு பாதி. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். ஒவ்வொரு ஹாரனுக்கும், கையைத் தூக்குவதற்குப் பதில் பிடியை இறுக்கி, முதுகைச் சீட்டில் அழுத்த வேண்டும். இது தெரபி மேடம் சொன்னது. தசைக்கு நல்ல அழுத்தம் கிடைத்தால் உடம்பு நிதானப்படுமாம். அதனால்தான் பயிற்சிக்குக் கிளம்பும் முன் சப்பாத்தி மாவு பிசைவேன், பெட்ஷீட் துவைத்துப் பிழிவேன். வீட்டு வேலையும் முடிந்தது, கையும் தயாரானது! 'காதில் பஞ்சு வெச்சுக்கட்டுமா' என்று கேட்டேன். 'ஆம்புலன்ஸ் சத்தம் கேக்கணும்ல, கண்ணாடியை ஏத்திக்கங்க, போதும்' என்று மறுத்துவிட்டார் மாஸ்டர்.

ஒரு வேடிக்கை. என் ஹாரனை அடிக்கவே எனக்குப் பயம்! 'அடிங்கம்மா, அது உங்க வண்டி' என்று அவர் கெஞ்ச, நான் குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டுவேன்.

வெளிச்சத்துக்கு, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டேன். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம் என்று யோசித்தேன். முன் கண்ணாடி வழியாக 70 சதவீதம், பக்கக் கண்ணாடி வழியாக 50 சதவீதம் வெளிச்சமாவது உள்ளே வர வேண்டும் என்பது விதி என்று தெரிந்து விட்டுவிட்டேன். காரில் தொங்கிய வாசனை டப்பாவைக் கழற்றினேன். பாட்டு கிடையாது. ஏ.சி. காற்று முகத்தில் அடிக்காமல் திருப்பிவிட்டேன். ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால் எனக்கு உள்ளே ஒரு குடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொந்தரவும் அதில் ஒரு செம்பு தண்ணீர். ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பியிருந்தால், ஒரு ஹாரன் போதும் வழிய.

'கத்தாம சொல்லுங்க'

ஞாயிற்றுக்கிழமைகளில் எல் போர்டு மாட்டிக்கொண்டு, கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். முதல் நாளே சண்டை. 'பிரேக்! பிரேக்! கியரைக் குறை! அந்தாளைப் பாரு!' என்று ஒரே மூச்சில் நாலு உத்தரவு. எனக்கு மூளை நின்றுவிட்டது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுச் சொன்னேன்: 'ஒரு நேரத்துல ஒரு வார்த்தை. கத்தாம சொல்லுங்க. இல்லேன்னா நீங்க இறங்கிடுங்க.' கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி நான் பேசியதில்லை. அவருக்கு முகம் சுருங்கியது. ஆனால் அடுத்த வாரத்தில் இருந்து ஒற்றை வார்த்தையில்தான் சொன்னார்.

ஜூன் மாதம் டெஸ்டுக்குப் போனேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் நல்ல கூட்டம். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றதிலேயே என் குடம் நிரம்பிவிட்டது. பிரேக் இன்ஸ்பெக்டர் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். யாரோ விசில் ஊத, கால் தடுமாறி, வண்டி ஆஃப். ஃபெயில். கையை விடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். தோற்றவர்கள் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும். அடுத்த முறை, என் முறை வரும்வரை மரத்தடியில் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். 'வாட்ச் பக்கம் கம்பம், பின்னாடி சுவர்' என்று முணுமுணுத்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தேன். இன்ஸ்பெக்டர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டுமே! எல்.எல்.ஆர். முடிய ஒன்பது நாள் இருக்கும்போது பாஸ் ஆனேன்.

தஞ்சாவூர் சாலையில்

உடனே பையனை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடவில்லை. மாமியாரை வைத்துக்கொண்டு சுவாமிமலை, அப்புறம் பாபநாசம் என்று ஒன்றரை மாதம் பழகினேன். மாமியார் பின் சீட்டில் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாள் சொல்வதை நிறுத்திவிட்டுத் தூங்கிவிட்டார். அதுதான் எனக்குக் கிடைத்த நிஜமான லைசென்ஸ்.

பையனைப் பின்னால் உட்காரவைத்து பெல்ட் போட்டு, முதல் தடவை தஞ்சாவூருக்கு ஓட்டிய நாளில், ஐயம்பேட்டை தாண்டியதும் பின்னால் ஒரு பஸ் நெருங்கியது. நான் வாயைத் திறக்கும் முன் பின்னாலிருந்து குரல் வந்தது: 'அம்மா, பஸ் வருது. கத்தப் போகுது. இறுக்கிப் பிடிச்சுக்கோ.' அவனும் இரண்டு கையாலும் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். பஸ் கத்தியது. போனது. இரண்டு பேருடைய கையும் காதுக்குப் போகவில்லை.

இப்போதும் நான் இரவில் ஓட்டுவதில்லை. எதிரே வரும் விளக்கு கண்ணில் குத்துகிறது. பலத்த மழையில் ஓட்டுவதில்லை. வைப்பர் ஆடுவதைப் பார்த்தால் தலை சுற்றும். முகூர்த்த நாளில் கடைத்தெருப் பக்கம் போவதில்லை. உடம்பு களைத்த நாளில் சாவியைத் தொடுவதே இல்லை. அன்றைக்கு ஆட்டோதான். இதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த டீக்கடைப் பெரியவரின் முகம் ஞாபகம் இருக்கும்வரை எனக்கு இந்தக் கட்டுப்பாடுகளும் இருக்கும்.

தோழிகளே, சத்தத்துக்கு நடுங்குகிற, எதிலும் இடித்துக்கொள்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அடிக்காதீர்கள். ஒரு தரம் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே உங்களையும் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். வண்டி ஓட்ட ஆசைப்பட்டு, என்னைப்போல் தடுமாறுகிறவர்கள், மறைக்காமல் டாக்டரிடமும் மாஸ்டரிடமும் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டில் போகிறவர் உயிர் நம் ஆசையைவிடப் பெரிது. முடியும் என்று சொன்னால், மற்றவர்கள் எத்தனை நாளில் கற்றார்கள் என்று கணக்குப் பார்க்காதீர்கள்.

அப்புறம், பஸ் ஓட்டும் அண்ணன்மார்கள் வீட்டிலும் இந்தப் பகுதியைப் படிக்கும் சகோதரிகள் இருப்பீர்கள். பல ஸ்வரத்தில் அலறும் ஹாரனைச் சட்டமே அனுமதிக்கவில்லை. அவரிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன். முன்னால் போகும் காரில் என்னைப்போல் ஒருத்தி இருக்கலாம்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.